ஷிஃப்ட் கேசட்டில் ஒரு கார் பந்தயம்

கல்யாணமான மூன்றாம் நாள், கையில் வைத்த மருதாணிகூட வெளுக்கவில்லை, என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன முதல் பெரிய செய்தி இதுதான்: "நான் டிவியில வந்திருக்கறேன், தெரியுமா?"

நான் கணக்கு டீச்சர். யார் எதைச் சொன்னாலும் "எப்படி?" என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எந்த நிகழ்ச்சி, என்றைக்கு, யார் பார்த்தார்கள் என்று அடுக்கிக் கேட்டேன். மனிதர் அசரவே இல்லை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு முழுக் கதையையும் சொன்னார். அன்று தொடங்கி இருபத்தாறு வருஷம் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

கதை இதுதான். அவர் நெய்வேலி சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெர்மனென்ட் ஆகி ஒரு வருஷம் இருக்கும். அங்கே ஓர் இன்ஜினியர், கல்யாணமாகாதவர், கார்ப் பைத்தியம். மெட்ராஸில் யாரிடமோ ஒரு பழைய பந்தயக் காரை வாங்கி வந்து தன் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் போட்டிருந்தார். ஒற்றை ஆள் படுத்தாற்போல உட்காரும் கார். கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் என்றைக்கோ ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்த வண்டி. "வெள்ளரிக்காய்க்கு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும்" என்பார் இவர். ஷிஃப்ட் முடிந்தால் இவருக்கு அந்த ஷெட்டில்தான் வாசம். கழற்றுவார்கள், மாட்டுவார்கள், மறுபடியும் கழற்றுவார்கள். கடைசியில் ஒருநாள் அந்த வெள்ளரிக்காயை லாரியில் ஏற்றிக்கொண்டு சோழவரத்துக்குப் போனார்கள். மெட்ராஸுக்கு வெளியே பழைய விமான ஓடுபாதையில் அங்கே கார் பந்தயம் நடக்கும்.

இன்ஜினியர்தான் ஓட்டினார். பந்தயம் பாதி ஓடும்போது, காரின் மூக்குப் பக்க மூடியைப் பிடித்திருந்த கொக்கி தெறித்துவிட்டது. மூடி படபடவென்று அடித்துக்கொண்டது. பிய்ந்து பறந்து பின்னால் வருகிறவர் மேல் விழுந்தால் ஆள் காலி. கொடி காட்டி ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். உடனே சரிசெய்யாவிட்டால் பந்தயத்திலிருந்து வெளியே. இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிடுவார்.

"எல்லாரும் அத எடு இத எடுன்னு கத்திக்கினு இருக்கறாங்க. நான் ஒரே பாய்ச்சல். கையில இருந்த பைண்டிங் வயர எடுத்தேன், ரெண்டு சுத்து சுத்தனேன், இறுக்கி ஒரு முறுக்கு! போங்க சார்னு அவரு முதுகுல ஒரு தட்டு. சல்லுனு போயிட்டாரு. அப்ப டிவிக்காரரு கேமராவ எம் மூஞ்சிகிட்ட கொண்டாந்தாரு பாரு!"

கார் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது. கடைசி என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சரி, டிவியில உங்கள நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"வேற யாரு பார்த்தா?"

"எல்லாரும் பாத்தானுங்க. ஆனா நான் வரலன்றானுங்க."

இது புரிய வேண்டுமானால் அந்தக் கால டவுன்ஷிப் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் ஷிஃப்ட் முறை. மத்தியானம் இரண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் படுக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைப் படமும் போச்சு, வெள்ளிக்கிழமைப் பாட்டும் போச்சு. இவர் இருந்த தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டெக் இருந்தது. வீடியோ கேசட் போடும் பெட்டியை அன்றைக்கு எல்லோரும் டெக் என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், இவரோடு அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை. சிங்கப்பூரில் இருந்த மச்சான் வாங்கிக் கொடுத்த டெக்கினால் அவருக்கு டெக் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாவது ஷிஃப்ட்காரர்கள் தங்களுக்கு எது வேண்டுமோ அதை ஒரு சீட்டில் எழுதி அவர் வீட்டுக் கதவில் செருகிவிட்டு வேலைக்குப் போவார்கள். டெக் அண்ணன் வீட்டு அக்கா அதைப் பார்த்துப் பதிவு செய்து வைப்பார். மறுநாள் காலையில் ஷிஃப்ட்காரர்கள் காப்பி டம்ளரோடு வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். இதற்கென்றே ஒரு கேசட். ஷிஃப்ட் கேசட். ஒன்றைப் பார்த்து முடித்ததும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள்.

பந்தயத்தை டிவியில் காட்டிய ஞாயிற்றுக்கிழமை இவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். அரை மணி நேர நிகழ்ச்சி. சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலையில் பல்லைக்கூடத் துலக்காமல் ஓடிப்போய் நின்றால், டெக் அண்ணனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். "பந்தயம் வந்துச்சு, காரு வந்துச்சு, நீ வரலடா" என்றார்கள். போட்டுக் காட்டுங்கள் என்றதற்கு, டெக்கின் ஹெட்டில் அழுக்கு, துடைக்க வேண்டும், வரும் ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்றார்கள். அதற்குள் வெள்ளிக்கிழமை அந்தக் கேசட்டில் பாட்டு நிகழ்ச்சியைப் பதிந்தாகிவிட்டது. பந்தயம் போயே போச்சு. இன்ஜினியரும் அடுத்த மாசமே மாற்றலாகி வடக்கே போனார், காரும் அவரோடு போனது. இவர் பக்கம் சாட்சி சொல்ல ஒரு ஈ, காக்காய் இல்லை.

புதுப்பெண்ணாக நான் வந்ததும் முதல் வேலையாக டெக் அண்ணனிடமே போய்க் கேட்டேன். "பொய் சொல்லுவானேன் தங்கச்சி, அவன் வரல" என்றார், சத்தியம் செய்யாத குறையாக. அக்கா மட்டும் சட்டென்று எழுந்து உள்ளே போனார். அதை நான் அப்போது கவனித்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, என் வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப்பிலும் தெருவிலும் "ரேஸ்" என்று பெயர். "என்ன ரேஸு, இன்னைக்கு எந்த டிவியில வர்றே?" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் லேசுப்பட்டவளில்லை. "டிவியில வந்தவரே, கொஞ்சம் முருங்கைக்கீரையை உருவிக் குடுங்க" என்பேன். சிரித்துக்கொண்டே உருவுவார். கோபித்துக்கொண்டதே இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்வதையும் நிறுத்தவில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். இந்த மனிதர் மட்டும் ஏன் ஒரே மாதிரி சொல்கிறார் என்று எப்போதாவது தோன்றும். தோன்றினதோடு சரி.

வாட்ஸ்அப் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில் அவருடைய ரிட்டயர்மென்ட் நெருங்கியது. ஜூன் கடைசியோடு வேலை முடிகிறது. அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருவதிகையில் கட்டிய வீடு தயாராக இருந்தது. ஏப்ரல் மாசம் ஒரு சாயங்காலம் பரணிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த டிவியில வந்தத ஒரே ஒரு தரம் பாத்துட்டு இந்த ஊர வுட்டுப் போவணும்னு இருக்குது. அவனுங்க அத்தன பேரும் வரலன்னு சொல்றானுங்க. இத்தன வருசமா சொல்றானுங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. கேமரா எங்கிட்ட வந்துதா, இல்ல வந்துதுன்னு நானே நெனச்சிக்கினு இருக்கறனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே கேலி செய்தும் அசையாத மனிதர், தன் பேச்சைத் தானே நம்ப முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கேலியில் என் பங்கும் இருக்கிறது. அந்த ஒளிப்பதிவு பூமிக்கடியில் இருந்தாலும் தோண்டி எடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தோண்டுகிற ஊரில்தானே இருக்கிறோம்.

மே மாசம் பள்ளிக்கூடம் விடுமுறை. முதலில் பெங்களூரில் இருக்கும் மகளை முடுக்கிவிட்டேன். அவள் இரண்டு நாள் இணையத்தில் துழாவிவிட்டு, "உலகத்துல நடந்த அத்தனை பழைய ரேஸும் இருக்கும்மா, அப்பாவோடது மட்டும் இல்ல" என்றாள். அடுத்து சென்னையில் அந்த டிவி நிலையத்துக்கு ஃபோன் போட்டேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் மற்றொருவரிடம் கொடுக்க, காதே சூடாகிவிட்டது. கடைசியாக ஒரு வயதான குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"அந்தக் காலத்துல டேப்புக்கு ரொம்பத் தட்டுப்பாடும்மா. ஒண்ணை ஒளிபரப்பினதும் அதையே அழிச்சு வேறதை எடுப்பாங்க. உங்க வீட்டுக்காரர் மேல ஏதாவது உரம் போடற நிகழ்ச்சி பதிஞ்சிருக்கும்."

"என்ன சார் இது, ஒரு மனுஷன் மூஞ்சி மேல உரம் போட்டிருக்கீங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். மன்னிப்பு வேறு கேட்டார்.

மிச்சம் இருந்தது டெக் அண்ணன்தான். அவர் ரிட்டயராகி முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். என் வீட்டுக்காரரிடம் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காலை பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். அண்ணன் வாசலில் சாக்கு விரித்துப் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய்.

"வா தங்கச்சி, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே. சுளை எடுத்துக்க."

"சுளை இருக்கட்டும்ணே. எனக்கு ஷிஃப்ட் கேசட் வேணும்."

கத்தி பாதிப் பழத்தில் நின்றது. "அது எப்பவோ அழிஞ்சு போச்சே."

"அழிஞ்ச கேசட்டையே குடுங்க. யார்கிட்டயாவது காட்டி அடியில ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பார்க்கறேன். அவருக்கு இப்ப அவர் மேலயே சந்தேகம் வந்துடுச்சுண்ணே. வரலைன்னாலும் பரவாயில்ல. வரலைன்னு நிச்சயமா தெரிஞ்சா மனுஷன் நிம்மதியா ரிட்டயர் ஆவாரு."

அண்ணன் ஒரு சுளையை என் கையில் திணித்தார்; நானும் வாயில் போட்டுக்கொண்டேன். உள்ளேயிருந்து அக்கா வந்து நிலைப்படியில் நின்றார். "இன்னும் எத்தனை வருஷத்துக்குங்க? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"வந்தான் தங்கச்சி" என்றார் அண்ணன்.

"யாரு?"

"அவன்தான். டிவியில. நல்லாவே வந்தான்."

நான் வாயிலிருந்த சுளையைத் துப்பிவிட்டேன். பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது, டீச்சருக்கு அழகில்லை. பக்கத்து வீட்டு நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. "நானும் சேர்ந்துல்ல கேலி பண்ணேன்! கீரை உருவச் சொல்லிக் கேலி பண்ணேனே, படுபாவிகளா!" என்று கத்தியது நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, எண்ணெய்க் கையால் நெற்றியைத் துடைத்து நெற்றியெல்லாம் பிசினாக்கிக்கொண்டார்.

நடந்தது இதுதான். பந்தயத்துக்குப் போய் வந்ததிலிருந்து இவர் அலட்டல் தாங்கவில்லையாம். ஒர்க்‌ஷாப்பில் டீ குடிக்கிற நேரமெல்லாம் "டிவியில வரப்போறேன், டிவியில வரப்போறேன்" என்று ஒரே பெருமை. சரி, ஒரு வாரம் இவனைத் தவிக்கவிடுவோம் என்று கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவையே கூட்டி வைத்து, மாலை போட்டு, கேசட்டைப் போட்டுக் காட்டுவது என்று திட்டம். ஹெட் அழுக்கெல்லாம் சும்மா.

"அப்புறம் ஏன் காட்டல?"

"வெள்ளிக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா கதவுல சீட்டு" என்றார் அக்கா. "பாட்டு எடுத்து வைக்கவும்னு எழுதியிருந்துது. எங்க வீட்டுக்காரரும் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாரு. இவங்க திட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. வழக்கம்போல கேசட்டை முதல்லேருந்து ஓடவிட்டு எடுத்துட்டேன். பாட்டும் அரை மணி நேரம், பந்தயமும் அரை மணி நேரம். துளி மிச்சமில்ல."

"சீட்டு யாரு எழுதினது?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர்தான்!"

கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். முடியவில்லை. தன் சீட்டாலேயே தன்னை அழித்துக்கொண்ட மனிதரை நினைத்ததும் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. மூன்று பேரும் சாக்கின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"அப்பவே உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எப்படிம்மா? கேசட்டும் போச்சு, இனிமே நீ வந்தடான்னு சொன்னா அழிச்சிட்டுக் கதை விடறீங்களான்னு அடிக்க வருவான்னு பயம். நாலு நாள் போகட்டும்னு பார்த்தோம், நாலு மாசம் ஆச்சு. அப்புறம் நீ கல்யாணமாகி வந்து நேரா என்கிட்டயே கேட்டே. புதுப்பொண்ணுகிட்ட என்னத்தைச் சொல்றது? அப்படியே வரலன்னு சொல்லி, சொல்லி..." அவர் கத்தியைச் சாக்கின் மேல் வைத்தார். "இப்ப சொன்னா நம்புவானா? போறவனுக்கு ஆறுதல் சொல்றோம்னுதான் நினைப்பான்."

"சரி, நீங்க பார்த்ததை அப்படியே சொல்லுங்க" என்றேன். சொன்னார். கார் வந்து நின்றது, மூடி அடித்துக்கொண்டது, இவர் ஓடி வந்தார் என்று எல்லாம் அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. எதால் கட்டினார் என்று கேட்டபோது அண்ணன் சொன்ன பதில், இருபத்தாறு வருஷமாக நான் கேட்ட கதையில் இல்லை.

வீட்டுக்கு வந்து, காப்பி கொடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன். "அந்த மூடியை எதால கட்டினீங்க?"

"பைண்டிங் வயரு. எத்தினி வாட்டி சொல்லுறது?" என்றார். பார்வை மட்டும் காப்பிக்குள் இருந்தது.

பரீட்சையில் இரண்டு பேர் பார்த்து எழுதினால் நான் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேட்பேன். அதையே செய்தேன். மற்ற இரண்டு கூட்டாளிகளில் ஒருவர் அடுத்த பிளாக்கில் இருந்தார், இன்னொருவர் விருத்தாசலத்தில். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரைப் பிடித்து, "டெக் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்று ஒரு போடு போட்டேன். இரண்டு பேரும் முதலில் திருதிருவென்று விழித்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். எதால் கட்டினார் என்ற கேள்விக்கு இரண்டு பேரும் டெக் அண்ணன் சொன்ன அதே பதிலைச் சொன்னார்கள். ஆக, ஊர் பொய் என்று சொன்ன கதை முழுக்க நிஜம். அதில் என் வீட்டுக்காரர் சொன்ன ஒரே பொய் அந்த பைண்டிங் வயர்.

டெக் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "நாலு பேருக்கு முன்னாடி கேலி பண்ணீங்கல்ல? நாலு பேருக்கு முன்னாடியே ஒத்துக்கணும். ரிட்டயர்மென்ட் அன்னைக்கு, மைக்குல."

"நம்ப மாட்டான் தங்கச்சி."

"நம்பலைன்னா அந்தக் கட்டின விஷயத்தை எடுத்து விடுங்க. அவர் அதை யார்கிட்டயும் சொன்னதில்ல, என்கிட்டகூட."

ஜூன் கடைசி நாள் வந்தது. எங்கள் ஊரில் ரிட்டயராகிறவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். செக்‌ஷன் ஆட்களே மாலை போட்டு, மேளத்தோடு, வெடி வெடித்து, ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீடு வரை ஊர்வலமாகக் கொண்டுவந்து விடுவார்கள். இவருக்கோ திறந்த ஜீப். தெருமுனையில் ஃப்ளெக்ஸ். அதில் சிவப்புப் பந்தயக் கார் ஒன்றின் மேல் இவர் தலையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கழுத்து ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம். கீழே "எங்கள் அன்பு ரேஸ்" என்று கொட்டை எழுத்தில். ஜீப்பில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போலச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

வீட்டு வாசலில் பந்தல். பிரியாணி அண்டா இறங்கிவிட்டது. ஒவ்வொருவராக மைக் பிடித்து நல்ல மனுஷர், நேரந்தவறாதவர் என்று பாடினார்கள். கடைசியில் டெக் அண்ணன் எழுந்தார். மைக்கை வாங்கினார்.

"நான் ஒரு தப்ப ஒத்துக்கத்தான் வந்தேன். இவன் டிவியில வந்தான். நாங்க மூணு பேரும் பார்த்தோம். வரலன்னு இத்தனை வருஷமா சொன்னது பொய். விளையாட்டுக்குச் சொன்னோம், மாட்டிக்கிட்டோம். டேய், எங்கள மன்னிச்சிடுடா."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. மற்ற இரண்டு பேரும் எழுந்து ஆமாம், ஆமாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் மாலையைச் சரிசெய்துகொண்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"வுடுங்கடா" என்றார். "போற அன்னிக்கி எம் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்க. நல்லவனுங்கதான். வாங்க, பிரியாணி ஆறுது."

நான் அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"டேய்" என்றார் அண்ணன். "மூடியை எதால கட்டினே?"

"பைண்டிங் வயரு."

"வயரா? அரணாக்கயிறுடா!"

என் வீட்டுக்காரரின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"அந்த இன்ஜினியர் குடுத்த பழைய பேண்ட்டப் போட்டுக்கிட்டிருந்தே. ரெண்டு ஆளு நுழையற பேண்ட்டு. பெல்ட்டு கிடையாது. அரணாக்கயித்த மேல இழுத்து வுட்டுத்தான் அத நிக்க வச்சிருந்தே. கயித்த அறுத்து மூடியக் கட்டினதும் பேண்ட்டு சரிஞ்சு போச்சு. ஒரு கையால அதப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கார அனுப்பினே. கேமரா அப்பத்தான்டா உங்கிட்ட வந்துது!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. பிரியாணி மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். எங்கள் மகள் நாற்காலியிலிருந்து சரிந்தே போனாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. பொய்யன் என்று பெயர் வாங்கிக் கொடுத்த மூன்று பேரும் எதிரே நிற்கிறார்கள். நாலு அறை விட்டாலும் கேட்க முடியாது.

"இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார் மெதுவாக. "அரணாக்கயித்த செத்தாத்தான் அறுப்பாங்க. அறுத்துட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா அழுது ஊரக் கூட்டியிருக்கும். மெட்ராஸ்லயே வேற வாங்கிக் கட்டிக்கினுதான் வூட்டுக்கு வந்தேன். நீங்க... நெசமாவே பாத்தீங்களாடா?"

"பார்த்தோம்டா."

"எம் மூஞ்சி தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சுது."

"எப்பிடி இருந்தேன்?"

டெக் அண்ணன் அக்கா பக்கம் கையைக் காட்டினார். அக்காதான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து சொன்னார். "சிரிச்சிக்கிட்டு இருந்தே தம்பி. அத்தனை பல்லும் தெரிஞ்சுது. இந்தப் பையனுக்கு எந்த மகராசி வரப்போறாளோன்னு அன்னைக்கு நான் சொன்னேன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு அவர் நாற்காலியை இழுத்து மூன்று கூட்டாளிகளுக்கும் நடுவில் போட்டுக்கொண்டு, மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்லருந்து சொல்லுங்கடா" என்றார். "கார் வரதுலருந்து. நான் இன்னும் பாக்கல."